அளவீட்டுக் கவ்வியும் அரசுக் கொள்முதலும்

மிக்சி, துளையிடும் கருவி முதலியவற்றின் மோட்டார்களில் கார்பன் பிரஷ் உராயும் இடத்தில் எழும் நுண்பொறிகள், வானொலிக்கும் பிற தகவல் தொடர்புக்கும் இடையூறு விளைவிக்கின்றன. இவ்விடையூற்றுக்கு வரம்பும் அளவீட்டு முறையும் வகுக்கும் பணியை, 1934 ஆம் ஆண்டில் தோன்றிய ‘சிஸ்பர்’ என்னும் சர்வதேசக் குழு ஆற்றி வருகிறது.

30 முதல் 300 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வெண்களில், சிறு கருவியின் உடலைக் காட்டிலும் அதன் மின்கேபிளே ஏரியலாகச் செயல்படுகிறது. ஆகவே, கேபிளில் பாயும் இடையூற்றுத் திறனை அளக்க உறிஞ்சு கவ்வி பயன்படுகிறது. அதனுள் ஒரு மின்னோட்ட மாற்றியும் வரிசையாக ஃபெரைட் வளையங்களும் உள்ளன. வளையங்கள் ஆற்றலை உறிஞ்ச, மாற்றி அதன் அளவைத் தெரிவிக்கிறது. உச்ச அளவைக் காண, கவ்வியைக் கேபிளின் மீது அரை அலைநீளத் தொலைவுக்கேனும் நகர்த்த வேண்டும். 30 மெகாஹெர்ட்ஸில் இது 5 மீட்டராகும். எனவே, சுமார் 6 மீட்டர் நீளமுள்ள கேபிளும், உலோகமல்லாத தடமும் தேவைப்படுகின்றன.

கொள்முதலில் குழப்பம் எழுவது இங்கேதான். தோற்றத்தில் ஒத்த கவ்விகள் மூவகைப்படும். ஒன்று இடையூற்றை அளப்பது. மற்றொன்று கருவியின் தாங்குதிறனைச் சோதிக்கக் கேபிளில் இடையூற்றைச் செலுத்துவது. மூன்றாவது, கதிர்வீச்சு அளவீட்டின்போது கேபிளின் விளைவைக் கட்டுப்படுத்துவது. ‘கேபிள் கவ்வி, ஒன்று’ என்று மட்டும் ஒப்பந்தப் புள்ளி கோரினால், குறைந்த விலைக்குத் தவறான கவ்வி வந்து சேரக்கூடும்.

எனவே, பொருந்தும் தரநிர்ணயம், அதிர்வெண் வீச்சு, கவ்வியினுள் செல்லக்கூடிய கேபிளின் விட்டம், நகர்த்தும் தடம், அங்கீகாரம் பெற்ற கூடத்தின் அளவுத்திருத்தச் சான்று ஆகியவை விவரக்குறிப்பில் இடம்பெற வேண்டும். ஒவ்வொரு அதிர்வெண்ணுக்கும் உரிய கவ்விக் காரணியைச் சான்று தெரிவிக்க வேண்டும்; அதனைச் சேர்த்தே இடையூற்றுத் திறன் கணக்கிடப்படுகிறது. மேலும், ஃபெரைட் எளிதில் உடையும் தன்மையது. அதன் இரு பாதிகளும் இடைவெளியின்றிப் பொருந்தாவிடில் அளவீடு பிறழும். ஆதலால் மறு அளவுத்திருத்தச் செலவையும் தொடக்கத்திலேயே மதிப்பிட வேண்டும்.

3 டெசிபெல் பிழை என்பது, திறனை ஏறத்தாழ இரு மடங்காகவோ பாதியாகவோ காட்டுவதாகும். கூடுதலாகக் காட்டினால், தரமான பொருளைச் செய்த சிறுதொழில் முனைவோர் தேவையற்ற வடிகட்டிகளுக்கும் மறுசோதனைக்கும் செலவிட நேரும். குறைவாகக் காட்டினால், பொதுமக்கள் இடையூற்றைச் சுமப்பர்.

கொள்முதல் விவரக்குறிப்பு தெளிவாக இருத்தல் வேண்டும், தேவையற்ற அம்சங்கள் இடம்பெறலாகாது என்று 2017 ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகள் கூறுகின்றன. கவ்வியின் அளவுத்திருத்தம் தேவையற்ற அம்சமன்று. கணக்கு அலுவலரும் சோதனைக்கூடப் பொறியாளரும் கலந்து விவரக்குறிப்பை வரைவார்களாயின், செலவிடப்படும் பொதுப்பணம் நம்பத்தகுந்த அளவீடாகத் திரும்பி வரும். அத்தகைய அளவீடே, தொழில் முனைவோருக்கு அரசு அளிக்கக்கூடிய உண்மையான ஊக்கமாகும்.