பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது?



நினைவுப் பேருரை என்றால் பெரிய பொருளை எடுத்துப் பேசுவது வழக்கம். நாங்கள் ஒரு கேள்வியை மட்டும் கொண்டுவந்திருக்கிறோம். தாம்பரத்திலும் பெரும்பாக்கத்திலும் செம்மஞ்சேரியிலும் கண்ணகி நகரிலும் வேலைக்குக் கிளம்பும் தாய்மார் விடியற்காலையில் கேட்டுக்கொள்ளும் கேள்வி அது: இன்றைக்குப் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது?

இது வீட்டு விஷயம், மாமியாரும் மருமகளும் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டியது என்று நினைப்பவர்கள் நம் இயக்கங்களிலும் இருக்கிறார்கள். இது சாதியின் கேள்வி, அரசு பதில் சொல்ல வேண்டிய கேள்வி என்று சொல்லவே வந்திருக்கிறோம்.

எங்கள் பெண்களின் ஒரு நாளைச் சொல்கிறோம். பெரும்பாக்கம் அடுக்குமாடிக் குடியிருப்பு, ஏழாவது மாடி. ஐந்து மணிக்கு எழுந்து தண்ணீர் பிடித்து, சோறு வடித்து, ஒன்றரை வயதுப் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டும். லிஃப்ட் நின்றுபோன நாளில் படிதான். கீழ்வீட்டு அக்காவிடம் பிள்ளையை விட்டால் மாதம் ஒரு தொகை கொடுக்க வேண்டும். அக்காவுக்கு உடம்பு முடியவில்லை என்றால் அன்றைக்கு வேலையும் இல்லை, கூலியும் இல்லை. அல்லது மூத்த பெண் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட வேண்டும். மேடவாக்கம் வரை ஷேர் ஆட்டோ, அங்கிருந்து பேருந்து. 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அது பெரிய ஆறுதல்தான். பேருந்தில் கரையும் நேரத்தை யார் திருப்பித் தருவார்கள்?

போய்ச் சேரும் வீட்டிலும் ஒரு கைக்குழந்தை இருக்கும். அதைக் குளிப்பாட்டி, பவுடர் போட்டு, ஊட்டி, தூங்கவைப்பது எங்கள் வேலை. அந்தக் குழந்தை எங்கள் தோளில் தூங்கலாம். அந்த வீட்டு டம்ளரில் நாங்கள் தண்ணீர் குடிக்கக் கூடாது என்பார்கள். நகரத்தில் தீண்டாமை இல்லை என்று நம்புகிற மாணவர்கள் தங்கள் ஆய்வை அந்த டம்ளரிலிருந்து தொடங்கலாம்.

பழைய இடத்தில் எங்கள் கேள்விக்கு ஒரு பதில் இருந்தது. கூவக்கரையிலும் அடையாற்றங்கரையிலும் குடிசைகள் ஒன்றையொன்று ஒட்டியிருந்தன. ஒரு ஆயா வாசலில் உட்கார்ந்தால் நான்கு வீட்டுப் பிள்ளைகள் அவர் கண்பார்வையில் இருக்கும். தூளி ஆட்ட யாராவது இருப்பார்கள். வேலை செய்யும் வீடு நடக்கும் தூரம். நடுவில் வந்து பால் கொடுத்துவிட்டுப் போகலாம். அந்த வாழ்க்கையை நாங்கள் அழகாக்கிச் சொல்லவில்லை. வெள்ளமும் தீவிபத்தும் கொசுக்கடியும் எங்களுக்கு மறந்துவிடவில்லை. ஆனால் பிள்ளை வளர்க்க அங்கே ஆள் இருந்தது.

2000ஆம் ஆண்டில் கண்ணகி நகர், அடுத்துச் செம்மஞ்சேரி, 2015 வெள்ளத்துக்குப் பின் பெருமளவில் பெரும்பாக்கம் என்று இந்நகரத்தின் பூர்வகுடிகளைத் தெற்கே கொண்டுவந்து இறக்கினார்கள். 2019 டிசம்பரில், கல்வியாண்டின் நடுவில், சென்ட்ரல் அருகே கூவக்கரையிலிருந்த சத்தியவாணி முத்து நகர் மக்களைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். அமைச்சராக இருந்த ஒரு தலித் பெண்ணின் பெயரைத் தாங்கிய குடியிருப்பு அது. இப்படி இடம் மாறும்போது தாய் ஒரு பிளாக்கிலும் மகள் இன்னொரு பிளாக்கிலும் போய் விழுகிறார்கள். ஒதுக்கீட்டு ஆணையில் வீட்டுக்கு எண் உண்டு. வாசலில் உட்கார்ந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ஆயாவுக்கு எண் இல்லை.

ஆயாவை இழந்த தாய்க்குச் சட்டமாவது துணை நிற்கிறதா? 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் 2017இல் திருத்தப்பட்டது. முதல் இரண்டு பிள்ளைகளுக்குச் சம்பளத்துடன் 26 வார விடுப்பு; 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பகம்; தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்ப் பிள்ளையைப் பார்க்கலாம். தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கு 2021 ஜூலை முதல் 12 மாத விடுப்பு. இவை உழைக்கும் பெண்களின் உரிமைகள்; ஒன்றைக்கூடக் குறைக்கச் சொல்ல மாட்டோம்.

வீட்டுவேலை செய்யும் பெண் நான்கு வீடுகளில் வேலை செய்தாலும் ஒவ்வொரு வீட்டிலும் அவர் ஒரே ஆள். 50 என்ற எண்ணை அவர் எந்நாளும் எட்டப்போவதில்லை. 2007இல் வீட்டுவேலைத் தொழிலாளர் நலவாரியம் வந்தது. பதிவு செய்தவர்களுக்கு உதவித்தொகை உண்டு, விடுப்பு கொடுப்பார் இல்லை. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு திட்டத்தின் 18,000 ரூபாய் சத்துக்கும் செலவுக்கும் உதவுகிறது. அதை வைத்து ஆறு மாதம் வீட்டில் இருக்க முடியாது. ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே கொடுங்கள் என்று சுவரில் எழுதுகிறவர்கள், அந்த ஆறு மாதக் கூலியைப் பற்றி எழுதுவதில்லை.

1928 ஜூலையில் பம்பாய் சட்டமன்றத்தில், ஆலைத் தொழிலாளப் பெண்களுக்கான மகப்பேறு மசோதாவை ஆதரித்து அண்ணல் அம்பேத்கர் பேசினார். பிரசவத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலன். ஆகவே அதன் செலவில் பெரும்பங்கை அரசு சுமக்க வேண்டும் என்பது அவர் வாதம். மறு ஆண்டே பம்பாயில் சட்டம் வந்தது. பிள்ளை வளர்ப்பு நாட்டின் பொறுப்பு என்ற அந்தக் கருத்து நூறாண்டை நெருங்குகிறது. அது இன்னும் எங்கள் படிக்கட்டு ஏறி வரவில்லை.

எண்களைக் கொஞ்சம் பாருங்கள். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் 30 பெண்களுக்கு மேல் இருந்தால் காப்பகம் வேண்டும் என்றது. 2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டமோ, வேலையிடத்தில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் 5 பேர் இருந்தாலே, அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணைக் கூலி கொடுத்து நிறுத்தச் சொன்னது. இதுதான் சரியான கணக்கு. முதலாளியிடம் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று எண்ணாமல், பிள்ளைகள் எத்தனை பேர் என்று எண்ணுகிற கணக்கு. கர்நாடகத்தில் 2023 முதல் 'கூசின மனெ' என்ற பெயரில் ஊராட்சிகளில் காப்பகங்கள் திறக்கிறார்கள். கிராமத்தில் முடிவது நகரத்தின் ஓரத்தில் ஏன் முடியாது?

நம்மிடம் அங்கன்வாடி இருக்கிறது. 1975இல் தொடங்கிய திட்டம். எங்கள் வாயில் இன்றும் அது பால்வாடிதான். இரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் அங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். அதற்குக் கீழே உள்ள பிள்ளைக்குச் சத்துமாவுப் பாக்கெட் மட்டும் வீட்டுக்கு வரும். பாக்கெட்டைக் கரைத்து ஊட்டும் கை எங்கே? தாய் வேலை முடிந்து பேருந்து பிடிப்பதற்குள் மையமும் மூடிவிடுகிறது.

மாணவத் தோழர்களே, உங்களிடம் ஒரு வேலையை ஒப்படைக்கிறோம். 2006 டிசம்பர் 13 அன்று உணவு உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் ஓர் ஆணை பிறப்பித்தது. ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் 40 பேராவது இருந்து, அங்கன்வாடி இல்லாத குடியிருப்பினர் கேட்டால், மூன்று மாதத்துக்குள் மையம் திறக்க வேண்டும். நகரத்துக் குடிசைப் பகுதிகளுக்கும் இது பொருந்தும். நோட்டுப் புத்தகம் எடுத்துக்கொண்டு பிளாக் பிளாக்காக ஏறுங்கள். பிள்ளைகளை எண்ணுங்கள்; தாய் எத்தனை மணிக்குப் போய் எத்தனை மணிக்கு வருகிறார் என்றும் எழுதுங்கள். மையம் இல்லாத இடத்துக்கு மையம் கேட்போம். இருக்கும் இடத்தில் ஆறு மாதப் பிள்ளை முதல் சேர்த்துக்கொண்டு மாலை வரை திறந்திருக்கும் காப்பகம் கேட்போம். அங்கன்வாடியோடு காப்பகத்தை இணைக்க ஒன்றிய அரசின் பால்னா திட்டத்திலேயே இடம் இருக்கிறது. அதில் வேலை செய்யப்போவது அந்தக் கீழ்வீட்டு அக்காதான். மதிப்பூதியம் என்ற பெயரில் அவருக்குச் சில்லறை கொடுக்காமல், தொழிலாளிக்குரிய சம்பளம் கொடு என்பதும் நம் கோரிக்கை.

கடைசியாக, இந்த அரங்கில் இருக்கும் ஆண் தோழர்களிடம் ஒன்று கேட்கிறோம். உங்கள் பிள்ளைகளை இந்த நேரத்தில் யார் பார்த்துக்கொள்கிறார்கள்? அவர் ஏன் இங்கே வரவில்லை? அடுத்த கூட்டத்தில் இந்த அரங்கின் ஓரத்தில் ஒரு பாய் விரிப்போம், ஒரு தூளி கட்டுவோம். முறை வைத்து ஆண்கள் ஆட்டட்டும். அரசிடம் கேட்பதை முதலில் நம் கூட்டத்தில் செய்துகாட்டுவோம்.

ஜெய்பீம்.