“விருந்துக்கு மட்டும்தான், சாமி!”

(ஜூபிலி விழா மாலைக் கூட்டத்தில் பங்குத் தந்தை ஆற்றிய உரை)



ஜூபிலி விழாவில் குடியைப் பற்றிப் பேச வேண்டுமா என்று சிலர் நினைக்கலாம். விழாவில்தானே அது வீட்டுக்குள் நுழைகிறது! ஞானஸ்நானம், கல்யாணம், புதுமனை புகுதல் என்று எந்த விசேஷமானாலும், பந்தலுக்குப் பின்னால் ஒரு தனிப் பந்தி நடப்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒருவரை அடக்கம் செய்தேன். நல்ல உழைப்பாளி. தெருவில் விழுந்து கிடந்தவர் அல்லர். ஞாயிறு பூசை தவறாதவர். “விருந்துக்கு மட்டும்தான், சாமி” என்பார். “அளவோடு இருங்கள்” என்று சொல்லிவிட்டு நானும் வந்துவிடுவேன். கல்லீரல் கெட்டு அவர் கண்மூடிய பிறகுதான், விருந்தில்லாத நாட்களிலும் அரிசிப் பானைக்குப் பின்னால் பாட்டில் இருந்த கதையை அவர் மனைவி அழுதுகொண்டே சொன்னார். காய்ச்சல் என்று வேலைக்கு எத்தனையோ முறை சொல்லி அனுப்பியவரும் அந்த அம்மாள்தான். நான் அளவைப் பேசினேனே தவிர, அடையாளத்தைப் பார்க்கவில்லை. அந்தக் குறை என் நெஞ்சை இன்னும் உறுத்துகிறது.

நம் ஊர்க் கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். எங்கே வந்திருக்கிறோம் என்பதை, நடப்பவர் வழியிலுள்ள எட்டு லிங்கங்களைக் கொண்டு தெரிந்துகொள்கிறார். குடியின் பாதையில் அப்படி மைல்கல் எதுவும் நட்டிருக்கவில்லை. நாமாகத்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அதற்கு உதவும் நான்கு கேள்விகள் உண்டு. ஜான் யூயிங் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1984-இல் அவற்றை மருத்துவ இதழில் வெளியிட்டார். குடியைக் குறைக்க வேண்டும் என்று நினைத்ததுண்டா? பிறர் அதைக் குறை கூறும்போது எரிச்சல் வந்ததுண்டா? குடித்ததற்காக மனம் குறுகுறுத்ததுண்டா? காலையில் எழுந்ததும் நடுக்கம் தீரவோ தலைபாரம் போகவோ குடித்ததுண்டா? இரண்டுக்கு ‘ஆம்’ என்றால் மருத்துவரைப் பார்த்தே ஆகவேண்டும்.

இன்னொன்று: “எவ்வளவு குடித்தாலும் அவர் நிதானம் தவறமாட்டார்” என்று சிலரை மெச்சுகிறோம். அது பெருமை அன்று. ஒரு கிளாஸில் வந்த போதைக்கு மூன்று கிளாஸ் தேவைப்படுகிறது என்றால், உடம்பு அதற்குப் பழகிவிட்டது என்பதே பொருள்.

2024 ஜூனில், பக்கத்து மாவட்டமான கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயத்துக்கு அறுபதுக்கும் மேற்பட்டோர் பலியானபோது எல்லோரும் பதறினோம். இருபது வருடம் மெல்லக் கொல்லும் குடிக்கு யாரும் பதறுவதில்லை.

இது நோய், சிகிச்சை உண்டு. சாந்தி ரங்கநாதன் என்ற அம்மையார் குடியினால் கணவரை இழந்தவர். அவர் 1980-இல் சென்னையில் தொடங்கிய சிகிச்சை நிலையத்தினால் எத்தனையோ குடும்பங்கள் பிழைத்திருக்கின்றன. ஆனால் தினமும் குடிப்பவர் வைராக்கியத்தில் ஒரேயடியாக நிறுத்தினால் வலிப்பும் சித்தப்பிரமையும் வரக்கூடும், உயிருக்கே ஆபத்தாகலாம். ஆதலால் மருத்துவர் துணையோடு நிறுத்துங்கள்.

டப்ளின் நகரத்துக் கூலித் தொழிலாளி மாட் டால்பட் 1884-இல் குடியை விட்டார். முதலில் அவர் எடுத்த சபதம் மூன்றே மாதத்துக்குத்தான்! 1925-இல் இறக்கும்வரை அவர் குடிக்கவே இல்லை. திருச்சபை 1975-இல் அவரை வணக்கத்துக்குரியவர் என்று அறிவித்தது.

தாய்மார்களே, இனி மறைக்க வேண்டாம். அறைவீட்டுக் கதவைத் தட்டுங்கள். சகோதரர்களே, “விருந்துக்கு மட்டும்தான், சாமி” என்று இனி யார் சொன்னாலும், அளவோடு என்று சொல்லி நான் நழுவமாட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து அந்த நான்கு கேள்விகளையும் கேட்பேன். எரிச்சல் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எரிச்சலும் ஓர் அடையாளம்தான்!

ஆண்டவர் உங்கள் குடும்பங்களை ஆசீர்வதிப்பாராக.