மணம் தெரிந்த மூக்குக்கு விஷம் தெரியாது



என் அக்கா மகனுக்குக் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் கன்டெய்னர் வேலை. போன மாதம் வீட்டுக்கு வந்தவன், "மாமா, இதை மோந்து பாருங்க" என்று ஒரு பொட்டலத்தை நீட்டினான். உள்ளே வெளிர்பச்சை நிறத்தில் காய்ந்த பூக்கள். செதில் செதிலாக, காகிதம் போல் எடையே இல்லாமல் இருந்தன. ஒன்றை உள்ளங்கையில் வைத்துக் கசக்கினேன். மஞ்சள் தூள் உதிர்ந்து விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது. நார்த்தை இலையைக் கிள்ளினால் வருமே, அந்த வாசனை. அதன் பின்னாலேயே மாங்காய்ப் பாலின் வாடை.

அதுதான் ஹாப்ஸ். பீருக்குக் கசப்பும் மணமும் கொடுக்கிற கொடியின் பெண் பூ. "வீட்டிலேயே ஜின் காய்ச்சி இதைப் போட்டா நல்லா மணக்குமாமே?" என்று கேட்டான். கேட்டது ஒன்றுதான். அதற்குள் இரண்டு கேள்வி இருந்தது. முதலில் மணத்துக்கு வருகிறேன்.

ஹாப்ஸ் நம் வெயிலில் தேறாது. அதற்குக் கடும் குளிர்காலமும், கோடையில் நீண்ட பகலும் வேண்டும். இந்தியாவில் இமாசலப் பிரதேசத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில் பயிராகிறது. ஆனாலும் அந்த மணம் இந்தியக் கரைக்குப் புதிதில்லை. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் லண்டன்காரர் ஜார்ஜ் ஹாட்ஜ்சனின் பீர் பீப்பாய் பீப்பாயாக இந்தியாவுக்குக் கப்பலேறியது. மாதக்கணக்கில் கடலில் கிடந்தாலும் கெடாமலிருக்க, பீப்பாய்க்குள் ஹாப்ஸை அள்ளிப் போட்டார்கள். அதன் கசப்பு, புளிக்க வைக்கும் கிருமிகளைத் தலையெடுக்க விடாது. பதநீர்க் கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவுகிறோமே, ஏறக்குறைய அதே காவல் வேலை.

ஜின் என்பது மணமூட்டிய சாராயம்தான். ஜூனிப்பர் காய் அதற்கு உயிர். அதற்கு அடுத்த இடம் நம் வீட்டுத் தனியாவுக்கு. தனியாவை மணக்கச் செய்கிற லினலூல் என்ற பொருள் ஹாப்ஸிலும் இருக்கிறது. ஜின்னோடு ஹாப்ஸ் சேர்வது இந்த உறவில்தான்.

ஹாப்ஸைக் கொதிக்க விட்டால் கசப்பு இறங்கும், மணம் ஆவியோடு போய்விடும். ஆறிய நீரில் ஊறப்போட்டால் மணம் இறங்கும், கசப்பு அடங்கியிருக்கும். இதை நம் வீட்டுப் பெண்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ரசம் நுரை கட்டியதும் இறக்கி, அதற்கப்புறம்தானே கொத்தமல்லித் தழையைக் கிள்ளிப் போடுகிறார்கள்? பானைத் தண்ணீரில் வெட்டிவேரைப் போட்டு வைப்பதும் அப்படித்தான். அடுப்பே வேண்டாம்.

இனி அந்த இரண்டாவது கேள்வி. வீட்டில் காய்ச்சலாமா? கூடாது தம்பி. ஒரு டம்ளர் காய்ச்சினாலும் 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். சட்டத்தை விடுங்கள். கேஸ் அடுப்புப் பக்கத்தில் சாராய ஆவி கசிந்தால் ஒரு பொறி போதும், சமையலறையே பற்றிக்கொள்ளும்.

எனக்குப் பெரிய பயம் வேறு. எண்ணூர், மணலி, கும்மிடிப்பூண்டி என்று ஆலைகளுக்கு நடுவில் இருக்கிறோம். சில தின்னர்களிலும் கரைப்பான்களிலும் மெத்தனால் இருக்கிறது. "ஸ்பிரிட்டுதான், சுத்தமானது" என்று யாராவது ஒரு கேன் கொண்டுவந்து கொடுத்தால், அது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்தபோது, அந்த நெடியே மக்களை உசுப்பி வெளியே ஓட வைத்தது. மெத்தனால் அப்படி எச்சரிக்காது. குடிக்கிற சாராயத்தின் வாடைதான் அதற்கும். ஹாப்ஸைக் கலந்துவிட்டால் அந்த வாடையும் மறைந்துவிடும். மெத்தனால் உடம்புக்குள் போய் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைப் பிடிக்கும். அதுவும் உடனே தெரியாது. பல மணி நேரம் கழித்துத்தான் வயிற்றுவலியும் பார்வை மங்கலும் வரும். 2023 மே மாதம் மரக்காணத்துப் பக்கம் எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்தவர்களிடம் அதைத்தான் பார்த்தோம். மறு வருடம் ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரம். 60 பேருக்கு மேல் போய்விட்டார்கள். கூலி வேலைக்குப் போய் வந்த அலுப்பில் குடித்தவர்கள். அந்தத் தெருவில் வரிசையாகப் பாடை கட்டியதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் தொண்டை அடைக்கிறது. யாராவது குடித்துவிட்டுக் கண் மங்குகிறது என்றால், தெளிந்துவிடும் என்று படுக்க வைக்காதீர்கள். அந்த நிமிடமே அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். சீக்கிரம் போனால் மாற்று மருந்து உண்டு.

இதையெல்லாம் சொன்னேன். பையன் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தான். "அப்போ இதை என்ன பண்றது மாமா?" என்றான்.

காய்ச்சி ஆற வைத்த ஒரு லிட்டர் தண்ணீரில் பாதி எலுமிச்சம்பழம் பிழிந்தோம். இரண்டு மூன்று பூவைத் துணியில் முடிந்து போட்டு, ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் வைத்தோம். காலையில் முடிச்சை எடுத்துவிட்டு, பாதி டம்ளருக்குப் பாதி சோடா ஊற்றினோம். சாராயம் ஒரு சொட்டு இல்லை. டம்ளரை வாய்க்குக் கொண்டு போகும் முன்பே அந்த நார்த்தை வாசனை வந்துவிட்டது. அக்கா இரண்டாவது டம்ளர் கேட்டாள்.

ஊறின பூவைக் கொல்லையில் வீசாதீர்கள், நாய் தின்றால் அதற்கு ஆபத்து. மிச்சப் பொட்டலத்தைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் வைத்திருக்கிறோம். வெளியே கிடந்தால் நார்த்தை வாசனை போய்ச் சீஸ் வாடை அடிக்க ஆரம்பித்துவிடும்.