மெய்க்கீர்த்தியும் மெய்வரலாறும்

வேந்தர் தம் புகழைப் புலவரைக் கொண்டு எழுதுவித்தல் பழைய வழக்கம். சோழர் கல்வெட்டுக்களின் முகப்பில் அமைந்த மெய்க்கீர்த்திகள் மன்னன் வென்ற நாடுகளை வரிசைப்படுத்திக் கூறும். அவன் தோற்ற போர்களைக் கூறமாட்டா. கல்லில் எழுதியவன் மன்னனின் பொருளைப் பெற்றவன் அல்லனோ? இக்காலத்தில் வேந்தனுடைய இடத்தில் பாராளுமன்றம் அமர்ந்திருக்கிறது. அம்மன்றம் தன் பொருளைச் செலவிட்டுத் தன் வரலாற்றை எழுதுவித்தால், அது மெய்க்கீர்த்தியாகுமா, மெய்வரலாறாகுமா? பிரித்தானியப் பாராளுமன்றத்தின் வரலாறு எழுதப்பட்ட கதை இவ்வினாவுக்கு விடை தருகின்றது.

அம்முயற்சியைத் தொடக்கியவர் யோசையா வெட்ஜ்வூட் என்பவர். பீங்கான் தொழிலாற் பெயர் பெற்ற குடும்பத்திற் பிறந்த இவர், 1906 முதல் 1942 வரை கொமன்ஸ் சபையில் அங்கத்தவராக இருந்தார். அச்சபையில் அமர்ந்தோர் அனைவரின் வாழ்க்கையையும் தொகுத்தால், சுதந்திரம் வளர்ந்த வரலாறே புலப்படும் என்பது அவரது நம்பிக்கை. அவரது தூண்டுதலால் 1929இல் ஒரு குழு நியமிக்கப்பட்டது. 1264 முதல் 1832 வரையுள்ள காலத்தை ஆராய வேண்டுமென்பது அதன் நோக்கம். குழுவின் அறிக்கை 1932இல் வெளிவந்தது. அப்பொழுதோ உலகெங்கும் பொருளாதார மந்தம். திறைசேரியின் கதவு திறக்கவில்லை. வெட்ஜ்வூட் தனியாரிடம் நன்கொடை திரட்டினார்.

பணத்தினும் பெரிய தடை ஒன்று இருந்தது. வெட்ஜ்வூட் விரைவை விரும்பினார். படிப்போர் உள்ளத்தில் எழுச்சி பிறக்க வேண்டுமென்றும் விரும்பினார். வரலாற்றாசிரியரோ ஒவ்வொரு செய்திக்கும் சான்று கேட்டனர். இரு சாராரும் ஒத்துப்போக இயலவில்லை. 1439 முதல் 1509 வரையுள்ள காலத்தைப் பற்றிய இரு தொகுதிகள் 1936இலும் 1938இலும் வெளிவந்தபொழுது, அவற்றிற் பிழைகள் மலிந்திருப்பதாக அறிஞர் குறை கூறினர். 1943இல் வெட்ஜ்வூட் காலமானார், பணியும் நின்றது.

1951இல் அப்பணி புத்துயிர் பெற்றது. இம்முறை திறைசேரியே பொருளுதவி அளித்தது. ஆயினும் ஒரு நல்ல ஏற்பாடு செய்யப்பட்டது. நிதிக்கும் நிருவாகத்துக்கும் பாராளுமன்ற அங்கத்தவர்களைக் கொண்ட பொறுப்பாளர் சபை. எழுத்துக்கு வரலாற்றாசிரியர்களைக் கொண்ட பதிப்பாசிரியர் குழு. பணப்பை ஓரிடம், பேனா வேறோரிடம்.

போலந்து நாட்டிற் பிறந்து இங்கிலாந்திற் புகழ் பெற்ற வரலாற்றாசிரியர் லூயிஸ் நேமியர், 1754 முதல் 1790 வரையுள்ள பகுதியை ஏற்றார். தம் இறுதி ஆண்டுகளை அதற்கே அளித்த அவர், நூல் வெளிவருவதற்கு முன்பே 1960இல் மறைந்தார். உடனுழைத்த ஜோன் புரூக் அதனை நிறைவு செய்ய, 1964இல் மூன்று தொகுதிகள் வெளிவந்தன. ஏறத்தாழ 2,000 அங்கத்தவரின் வாழ்க்கையும் 314 தேர்தற் தொகுதிகளின் நிலையும் அவற்றில் அடங்கின.

வெட்ஜ்வூட் தேடிய சுதந்திர வீரர் அங்கே சிலரே. உறவும், பதவியும், நிலவுடைமையும், பணமும் ஆசனங்களைப் பெற்றுத் தந்த விதமே பக்கந்தோறும் தெரிந்தது. குடியற்றுப்போன பழைய மேடாகிய ஓல்ட் சாரம் 1832 வரை இரு அங்கத்தவரை அனுப்பி வந்தது. அம்மேட்டை முன்பு விலைக்கு வாங்கிய தோமஸ் பிட் என்பவரே, 1698 முதல் 1709 வரை சென்னைப் புனித ஜோர்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்தவர். அவரது பேரனும் பிற்காலப் பிரதம மந்திரியுமான வில்லியம் பிட் 1735இல் அவ்வாசனத்தின் வழியாகவே சபை புகுந்தார்.

தமிழ் நேயர்கள் கருத்தூன்ற வேண்டிய மற்றொரு பெயர் போல் பென்பீல்ட். சென்னையிற் கம்பெனி ஊழியராயிருந்த இவர், ஆர்க்காட்டு நவாபுக்குக் கடன் கொடுத்து, அதற்கீடாகத் தஞ்சாவூரின் வருவாயில் உரிமை கோரினார். அக்கோரிக்கையை எதிர்த்த ஆளுநர் பிகட் பிரபுவை அவரது ஆலோசனைச் சபையினரே 1776இற் சிறைப்படுத்தினர். அடுத்த ஆண்டு அவர் காவலிலேயே இறந்தார். பென்பீல்டோ 1780இல் கிரிக்லேட் தொகுதியின் அங்கத்தவராகிக் கொமன்ஸ் சபையில் அமர்ந்தார். காவிரிக் கரை உழவனின் நெல்லுக்கும் தேம்ஸ் நதிக்கரை ஆசனத்துக்கும் இருந்த தொடர்பு இது. மெய்க்கீர்த்தி எழுதுவோர் இத்தகைய அங்கத்தவரை மறைத்திருப்பர்; இவ்வரலாறோ அவருக்கும் இடமளித்தது.

இம்முறைக்கு மறுப்பும் உண்டு. மனிதரின் நலன்களைக் கணக்கிடும் நேமியர் அவர்தம் கொள்கைகளை மறந்துவிட்டார் என்று ஹேர்பேட் பட்டர்பீல்ட் 1957இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். அங்கத்தவர் அனைவரின் வாழ்க்கையையும் கூட்டினாலும் அவை சபையின் வரலாறாகிவிடமாட்டா என்னும் ஐயம் இன்றும் தீரவில்லை. ஆயினும் அவ்வாதத்தை நடத்துவதற்குரிய சான்றுகளை அத்தொகுதிகளே வழங்குகின்றன.

பணி தொடர்கிறது. 1640 முதல் 1660 வரையுள்ள உள்நாட்டுப் போர்க்காலத்தைக் கூறும் ஒன்பது தொகுதிகள் 2023இல் வெளிவந்தன. வெட்ஜ்வூட் தொடக்கிய விதை மரமாக ஒரு நூற்றாண்டு அளவு காலம் சென்றுள்ளது.

தன் வரலாற்றை எழுதுவிக்க விரும்பும் எந்தச் சபையும் இதிலிருந்து கற்கத்தக்கன இரண்டு. பொருள் கொடுப்பவர் எழுத்தைத் திருத்தலாகாது, எழுதுவோரை அவசரப்படுத்தலுமாகாது. தன் முன்னோரின் குறைகளைத் தன் செலவிலேயே அச்சிடும் துணிவுள்ள மன்றத்தையே குடிமக்கள் நம்புவர்.