காதோடு காதாக



காலை ஏழரை மணிக்கு நுகேகொடையில் 138ஆம் இலக்க பஸ் வண்டியில் ஏறுபவருக்கு இருக்கை கிடைப்பது அரிது. ஒரு கை மேற்கம்பியைப் பிடித்திருக்கும். மறு கையில் பை இருக்கும். வயர் பூட்டிய காதொலிப்பானை அணிந்தவர் என்றால், அந்த வயர் பக்கத்தில் நிற்பவரின் பைப்பட்டியில் சிக்கிக் காதைப் பிடுங்கும். இன்று அந்தத் தொல்லை தீர்ந்துவிட்டது. அவரை விதையளவான இரண்டு துண்டுகளைச் செவிகளில் செருகிக்கொண்டு, கைத்தொலைபேசியைச் சட்டைப் பையிலேயே விட்டுவிட்டு, நெரிசலின் நடுவே ஒருவர் நிம்மதியாகப் பாட்டுக் கேட்கிறார். 'இயர்பட்' என்று எல்லோரும் சொல்லும் அந்தச் சிறு கருவியைப் பற்றித்தான் இன்று சிந்திக்கப் போகிறோம்.

இந்தக் கருவிக்கு உயிர் கொடுப்பது 'புளூடூத்' என்னும் தொழில்நுட்பம். 1994இல் சுவீடனின் எரிக்சன் நிறுவனத்தில் தொடங்கிய முயற்சி அது. சில மீற்றர் தூரத்துக்குள் செல்லும் மெல்லிய வானொலி அலையே அதன் வாகனம். அந்த அலை ஒரே தடத்தில் நிற்பதில்லை. விநாடிக்கு 1600 தடவை வரை தடம் மாறித் தாவக்கூடியது. அதனால்தான் ஒரே பஸ்ஸில் பலர் பல பாட்டுகளைக் கேட்டாலும், ஒருவருடையது மற்றவருடைய காதுக்குள் புகுந்துவிடுவதில்லை. பத்தாம் நூற்றாண்டிலே டென்மார்க்கின் சிதறிய பகுதிகளை இணைத்த ஹரால்ட் என்ற மன்னனின் பட்டப்பெயரையே இதற்குச் சூட்டினார்கள். இணைப்பவன் பெயர் கொண்ட கருவி நம்மை இணைக்கிறதா, பிரிக்கிறதா என்பதுதான் என் கேள்வி.

இதனால் வந்த சௌகரியங்களைக் குறைத்து மதிப்பிடலாகாது. கண் மங்கிய முதியவர், உறங்கும் பேரப்பிள்ளையை எழுப்பாமல் இரவுச் செய்தியைக் கேட்கிறார். புத்தகத்தை விரிக்க இடமில்லாத பஸ்ஸிலே ஒரு மாணவி பாடத்தைக் கேட்டுக்கொண்டு போகிறாள். கல்வி, கல்லாமை ஆகிய அதிகாரங்களை அடுத்துக் கேள்விக்கென்றே தனி அதிகாரம் வகுத்தார் வள்ளுவர். படிக்க வாய்க்காதவனும் கேட்டுத் தெளியலாம் என்ற அவருடைய எண்ணத்துக்கு இதைவிட இசைவான கருவி வேறு ஏது?

கொழும்பில் வாழும் தமிழருக்கு இது இன்னொன்றையும் தந்திருக்கிறது. 1983 ஜூலை வன்செயலுக்குப் பிந்திய ஆண்டுகளில், பஸ்ஸிலே பக்கத்தில் இருப்பவரோடு தமிழில் பேசுவதற்குக் குரலைத் தாழ்த்தியவர்கள் எத்தனை பேர்! வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் நாலு தமிழ் வீடுகளின் நடுவே வானொலியைத் தாராளமாகத் திறந்துவிட முடிந்தது. நுகேகொடை போன்ற, சிங்கள மக்கள் பெரும்பான்மையாக வாழும் பகுதிகளில் குடியிருந்தவர்களோ ஒலிக்குமிழைத் திருகிக் குறைத்துக்கொண்டார்கள். தமிழ்ப் பாட்டை உரக்கக் கேட்பதே அடையாள அட்டையை நீட்டுவது போலிருந்த காலம் அது. 2009 மே மாதத்தில் யுத்தம் முடிந்தது. தாழ்ந்து பழகிய குரல் மறுநாளே உயர்ந்துவிடுமா? இன்று ஓர் இளைஞன் அதே வீதியில், எவர் முகத்தையும் பார்க்காமல், தன் மொழியிலே ஒரு சிறுகதையைக் கேட்டபடி போகிறான். அந்த நிம்மதி அற்பமானதன்று.

ஆயினும் நேயர்களே, இதற்கொரு விலையும் உண்டு.

கொழும்பில் வானொலி ஒலிபரப்பு ஆரம்பமானது 1925 டிசம்பரில். 1950இல் இலங்கை வானொலியின் வர்த்தக சேவை தொடங்கிய பின்னர், தமிழகத்திலும் வீட்டுக்கு வீடு அதைக் கேட்டார்கள். அந்நாளில் ஒரு வீட்டு வானொலி ஓர் ஒழுங்கைக்கே பாடியது. சிங்கள அயலவர் தமிழ்ப் பாட்டின் மெட்டை முணுமுணுத்தார்; தமிழ்ப் பிள்ளைகள் அர்த்தம் தெரியாமலே சிங்களப் பாட்டைப் பாடித் திரிந்தார்கள். அந்தப் பரிச்சயத்தை எந்த அமைச்சும் திட்டமிட்டுத் தரவில்லை, காற்று தந்தது. பாட்டைப் பகிர்ந்தவர்கள் எல்லோரும் ஆபத்து வேளையில் கதவைத் திறந்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஒருபோதும் காதில் விழாத மொழியைச் சந்தேகிப்பது மிக எளிது. இன்று நம் பாட்டு நம் செவிக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. அடுத்த வீட்டாருக்கு அது தொந்தரவாக இல்லை என்பது உண்மை. அறிமுகமாகவும் இல்லை என்பதும் உண்மை.

தனித்துக் கேட்பதைப் பற்றிய தயக்கம் புதியதல்ல. 1979இல் சோனி நிறுவனம் முதலாவது 'வோக்மன்' கருவியை வெளியிட்டபோது அதிலே இருவர் கேட்பதற்கு இரண்டு துளைகளை வைத்தது. துணையிருக்க ஒருவர் மட்டும் கேட்பது மரியாதைக் குறைவு என்று அதன் தலைவர் அக்கியோ மொரிட்டா கருதினார். அடுத்தவர் பேசுவது கேட்கட்டும் என்று, பாட்டைத் தணித்து ஒலிவாங்கியைத் திறக்கும் பொத்தான் ஒன்றும் அதில் இருந்தது. அந்த மரியாதைதான் இன்று நாம் மீண்டும் கற்கவேண்டியது.

உயிர்ப் பிரச்சினையும் உண்டு. காதை அடைத்துக்கொண்டு ரயில் பாதையில் நடந்து மோதுண்டு இறந்தவர்களைப் பற்றிப் பத்திரிகைகளில் படித்திருக்கிறோம். வெள்ளவத்தையின் கரையோரப் பாதையாயினும், நுகேகொடையின் களனிவெளிப் பாதையாயினும், தண்டவாளத்தின் அருகே செவிதான் முதற் காவலாளி. செவிக்கும் காவல் வேண்டும். 80 டெசிபெல் ஒலியைக் கிழமைக்கு 40 மணித்தியாலம் வரை கேட்கலாம் என்றும், 90 டெசிபெல் ஆனால் 4 மணித்தியாலமே என்றும் உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகிறது. பஸ்ஸின் இரைச்சலை வெல்ல ஒலியைக் கூட்டுபவர்கள் இதை மனதிற் கொள்ள வேண்டும்.

ஆகவே இந்தக் கருவியைத் தூக்கி எறியும்படி நான் கேட்கவில்லை. வீதியில் ஒரு செவியை வீதிக்கே விட்டுவையுங்கள். பக்கத்து இருக்கைக்காரர் வாயசைத்தால் கழற்றி, என்னவென்று கேளுங்கள். மாலையில் அரைமணி நேரமாவது, வீட்டிலே உள்ளவர்கள் எல்லோரும் கேட்கும்படி ஒரு தமிழ்ப் பாட்டை ஒலிக்கவிடுங்கள். அது அளவோடு மதிலைக் கடந்தாலும் பாதகமில்லை. அங்கிருந்து ஒரு சிங்களப் பாட்டு வந்தால் யன்னலைச் சாத்தாதீர்கள். அச்சத்தினால் குரலைத் தாழ்த்தியவர்கள், சௌகரியத்தினால் ஊமையாகிவிடக் கூடாது.