எலும்புக்குப் பெயர் மீட்ட இரத்தத் துளி





1995 ஜூலையில் பொஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிக்காவில் 8,000க்கும் மேற்பட்ட முஸ்லிம் ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டார்கள். கொன்றவர்கள் அவர்களைப் பெருங்குழிகளில் புதைத்தார்கள். பின்னர் குற்றத்தை மறைக்க, இயந்திரங்களால் அக்குழிகளைத் தோண்டி, உடல்களை வேறிடங்களுக்கு மாற்றினார்கள். இதனால் ஒருவரின் எலும்புகளே பல குழிகளில் சிதறின.

உம்மாமாரும் உடன்பிறந்தோரும் தம் இரத்தத்தில் சில துளிகளைக் கொடுத்தார்கள். அதன் மரபணுவை எலும்பின் மரபணுவோடு விஞ்ஞானிகள் ஒப்பிட்டார்கள். 2001 முதல் இம்முறையால் பெயர்கள் ஒவ்வொன்றாக மீண்டன. ஏறத்தாழ 7,000 பேர் அடையாளம் காணப்பட்டுள்ளார்கள். ஆண்டுதோறும் ஜூலை 11இல், புதிதாக இனங்காணப்பட்டோருக்குப் பொட்டோச்சாரியில் ஜனாஸாத் தொழுகை நடத்தி நல்லடக்கம் செய்கிறார்கள். சில குடும்பங்களுக்குக் கிடைத்தவை ஓரிரு எலும்புகளே.

சகோதரர்களே! மையித்தைத் தொழுது அடக்குவது சமூகத்தின் மீது பர்ளு கிபாயா. மரணம் உறுதியாகாவிடின் மனைவியின் இத்தாவும் பிள்ளைகளின் வாரிசுரிமையும் தொங்கி நிற்கும். அநியாயக்காரர் பறித்த இந்த உரிமைகளை, ஆய்வுகூடத்தில் பொறுமையோடு உழைத்தவர்கள் மீட்டுக் கொடுத்தார்கள்.

பெற்றோர்களே! உங்கள் மகனோ மகளோ சட்ட மருத்துவத்தையோ மரபணு விஞ்ஞானத்தையோ கற்க விரும்பினால், "பிணங்களோடு என்ன வேலை?" எனத் தடுக்காதீர்கள். இறந்தவரின் ஹக்கை நிறைவேற்றவும் இக்கல்வி உதவுகிறது.

வல்ல ரஹ்மான் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியை வழங்குவானாக. ஆமீன்.