பத்தாயிரம் பேர் தேடினார்கள்; வாசலுக்கு எத்தனை பேர் வந்தார்கள்?



புக்கிட் ரோத்தான் பக்கத்துத் தோட்டமொன்றில் வளர்ந்த தம்பி ஒருவர், ஒரு தாளோடு என்னைப் பார்க்க வந்தார். கோல சிலாங்கூரில் தம் வீட்டின் இரண்டு அறைகளைச் சுற்றுப்பயணிகளுக்கு வாடகைக்கு விடுகிறார். அதற்கு அகப்பக்கம் அமைத்துக் கொடுத்தவர்கள் தந்த தாள் அது. கோல சிலாங்கூரில் தங்குமிடம் வேண்டி மாதம் 10,000 பேர் தேடுகிறார்கள் என்று அதில் அச்சிட்டிருந்தது. அம்மாவின் ஊழியர் சேமநிதிப் பணத்தில் இன்னும் மூன்று அறை கட்டலாமா என்று கேட்டார்.

"பத்தில் ஒருவர் வந்தாலே ஆயிரம் பேர் அண்ணே!"

அகப்பக்கம் திறந்து மூன்று மாதமாயிற்றே, இதுவரை எத்தனை பேர் அழைத்தார்கள் என்றேன்.

"நாலு பேர் அண்ணே. அதிலே ஒருத்தர் எங்க மாமா."

என் தாயார் பால்மரம் வெட்டியவர். அவருக்கு ஒதுக்கிய மரங்கள் எத்தனை என்பது ஒரு கணக்கு. ஸ்டோரில் நிறுத்த பால் இன்னொரு கணக்கு. அந்தப் பாலிலும் ரப்பர் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான், மீதி பெரும்பாலும் தண்ணீர். விடியற்காலையில் மழை பிடித்துக்கொண்டால் மரம் அத்தனையும் நிற்கும், வாளி காலியாக இருக்கும். மரத்தை எண்ணி யாரும் சம்பளம் கேட்டதில்லை. தம்பி கொண்டுவந்த தாளில் இருந்தது மரக்கணக்கு.

அதுவும் சரியான மரக்கணக்கா? விளம்பரதாரர்களுக்காகக் கூகுள் வைத்திருக்கும் கருவி தரும் மதிப்பீடு அது. விளம்பரத்துக்குப் பணம் செலவழிக்காதவர்களுக்கு அந்தக் கருவி பெரும்பாலும் குறிப்பான எண்ணைக் காட்டாது. '1,000 முதல் 10,000 வரை' என்று அகலமாகக் காட்டும். தாளைத் தயாரித்தவர்கள் பெரிய எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். மேலும், அது தேடல்களின் எண்ணிக்கை, ஆட்களின் எண்ணிக்கையல்ல. ஒருவரே நான்கு முறை தேடினால் நான்கு. கிட்டத்தட்ட ஒன்றுபோல் இருக்கும் சொற்களையும் சேர்த்தே கணக்கிடுவார்கள்.

இன்னொன்று, அது வழக்கமாகப் பன்னிரண்டு மாதச் சராசரி. நம் ஊருக்குச் சராசரி எப்படிப் பொருந்தும்? கம்போங் குவாந்தானில் பெரம்பாங் மரங்களில் மின்னும் மின்மினிகளைப் பார்க்க நிலவில்லாத இருட்டு வேண்டும். சாசாரான் கடலில் 'வானக் கண்ணாடி' என்கிறார்களே, அந்த மணல்திட்டு அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய சில நாள்களில்தான் நீர் வற்றி வெளியே தெரியும். அமாவாசை வாரத்தில் இரண்டும் கிடைக்கும். பௌர்ணமியில் மணல்திட்டு உண்டு, மின்மினி மங்கிவிடும். இடையில் வரும் வாரங்களில் அறை சும்மா கிடக்கும். 2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது, முந்திய பன்னிரண்டு மாதச் சராசரியை வைத்துக்கொண்டு யார் என்ன செய்திருக்க முடியும்?

தேடியவர் எல்லாரும் எதையாவது சொடுக்குகிறார் என்பதும் இல்லை. பலருக்கு வேண்டிய விவரம் கூகுளின் முதல் பக்கத்திலேயே, வரைபடத்தோடு கிடைத்துவிடுகிறது. அதற்குமேல் சொடுக்குபவர்களை விளம்பரங்களும் பெரிய முன்பதிவுத் தளங்களும் பிடித்துக்கொள்கின்றன. நாற்பதாவது இடத்தில் நிற்கும் தம்பியின் அகப்பக்கம் வரைக்கும் யார் இறங்கி வருவார்?

இதைக் கேட்டுத் தம்பியின் முகம் வாடிவிட்டது. அழைத்த மற்ற மூன்று பேர் யார் என்று விசாரித்தேன். இரண்டு குடும்பங்கள் கிள்ளானிலிருந்து தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு வந்தவர்கள். தோட்டத்தை விட்டுப் போனவர்களுக்குத் திருவிழாவன்று ஊரில் தங்க இடமில்லை! அவர்கள் தேடியது பழைய பெயரில். பத்தாங் பெர்ஜுந்தை 2007-இல் பெஸ்தாரி ஜெயா ஆனது, ஆனாலும் நம் பெரியவர்கள் வாயில் பழைய பெயர்தான். அதையும் தமிழில் ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள். இப்படிச் சிதறிய சொற்களுக்கு அந்தக் கருவி பூஜ்யம் காட்டும், அல்லது ஒரு கோடு போட்டுவிடும். தாளில் இல்லாதவர்கள்தான் பணம் கொடுத்துத் தங்கினார்கள்.

ஆகவே தம்பியைச் 'சர்ச் கன்சோல்' பார்க்கச் சொன்னேன். அதுவும் கூகுள் தருவதே, இலவசம். உங்கள் அகப்பக்கம் தேடல் பட்டியலில் எத்தனை முறை காட்டப்பட்டது, எத்தனை முறை சொடுக்கப்பட்டது, எந்தச் சொல்லுக்கு எத்தனையாவது இடம் என்பதையெல்லாம் அதில் பார்க்கலாம். மிக அரிதான சொற்களை அதுவும் மறைத்துவிடும். வாட்ஸ்அப்பில் சுட்டி பார்த்து வந்தவரும், வரைபடத்தில் எண்ணைப் பார்த்து நேராக அழைத்தவரும் அதில் சொடுக்காகப் பதிவாகமாட்டார்கள். அதனால் கணினியோடு ஒரு நோட்டுப் புத்தகமும் வைக்கச் சொன்னேன். அழைப்பவரிடம் "எங்களை எப்படித் தெரியும்?" என்று கேட்டு எழுத வேண்டும், அவ்வளவே.

அம்மாவின் சேமநிதிப் பணம் இன்னும் சேமநிதியிலேயே இருக்கிறது. தம்பி அகப்பக்கத்தில் அமாவாசைத் தேதிகளைப் போட்டிருக்கிறார், ஊரின் பழைய பெயரையும் சேர்த்திருக்கிறார். போன வாரம் அந்த நோட்டைக் காட்டினார். மாமா மறுபடியும் அழைத்திருக்கிறார். அவர் பெயருக்கு எதிரே 'கணக்கில் சேராது' என்று எழுதியிருந்தது.